பேச்சியின் தாடையில் ஒரு கை

கோவில்பட்டியிலிருந்து ஒருவர் நாற்பது நாட்களில் ஐம்பத்து மூன்று முறை ஒரு பெண்ணின் கழுத்தைத் தொட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடங்களுக்குக் குறையவில்லை.

அந்தப் பெண் உயிரோடு இல்லை. 1911-ஆம் ஆண்டு, தென்கடற்கரையில் இருந்த ஒரு கூலி முகாமில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறக் காத்திருந்தவள். பெயர் பேச்சி. வயது இருபத்திரண்டு. முகாமின் மருத்துவ அதிகாரி ஒருவர் அவள் முகத்தில் பாரிஸ் சாந்து என்னும் ஈரச் சுண்ணத்தை அப்பி, காய்ந்ததும் எடுத்து, அந்த அச்சில் மறுபடி சுண்ணம் ஊற்றி அவள் முகத்தைப் பிரதி செய்திருந்தார். இனங்களை அளந்து வகைப்படுத்துவது அன்று அறிவியலாக இருந்தது. நூற்று முப்பத்திரண்டு வருடங்கள் கழித்து அந்த முகம் மதுரைப் புலம்பெயர்வு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அதன் துல்லியமான டிஜிட்டல் பிரதி தொடுகூடத்தில் இருந்தது.

தொடுகூடம் ஜுலைகா உருவாக்கியது. நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்திருந்த கையுறைகளை மாட்டிக்கொண்டால், அருங்காட்சியகத்தில் உள்ள எண்பதாயிரம் பொருட்களில் எதை வேண்டுமானாலும் எந்த ஊரிலிருந்தும் தொடலாம். கம்பளியின் சொரசொரப்பு தெரியும். கூலிகளின் கழுத்தில் கட்டிய தகரத் துண்டின் குளிர்ச்சியும், அதில் பொறித்த எண்ணும் விரலுக்குத் தட்டுப்படும். மூன்று வருடங்களில் ஒன்றரைக் கோடிப் பேர் வந்துபோயிருந்தார்கள். யார் எதைத் தொடுகிறார்கள், எவ்வளவு நேரம் தொடுகிறார்கள் என்று ஒரு பட்டியல் திங்கட்கிழமை காலையில் ஜுலைகாவின் மேசைக்கு வரும். முறைகேடாகத் தோன்றுபவை சிவப்பில் இருக்கும்.

கோவில்பட்டிப் பெயர் நான்காவது வாரமும் சிவப்பில் வந்தது. வேதமாணிக்கம், வயது நாற்பத்தாறு. ஒரு பொத்தானை அழுத்தினால் அவரை நிரந்தரமாக வெளியேற்றிவிடலாம். ஜுலைகாவின் விரல் அதற்குத்தான் போனது. பிறகு முகவரியைப் பார்த்தாள். வீடு இல்லை. ஏதோ ஒரு பிசியோதெரபி கிளினிக். ஆளைப் பார்த்துவிட்டே அழுத்தலாம் என்று மறுநாள் ரயிலேறினாள்.

கிளினிக் ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. உள்ளே ஒரு பெரியவரின் தோள்பட்டையைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தவர், கதவுச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பாமலேயே, "உக்காருங்க, அஞ்சு நிமிஷம்" என்றார். அவர் முகம் சன்னல் பக்கம் இருந்தது. அவருக்குப் பார்வை இல்லை என்று ஜுலைகாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெரியவர் போனதும் அவள் தன்னைச் சொல்லிக்கொண்டாள். வேதமாணிக்கம் சிரித்தார்.

"நாப்பது நாள் கழிச்சு வந்திருக்கீங்க மேடம். நான் இன்னும் சீக்கிரமா எதிர்பார்த்தேன்."

"எதிர்பார்த்தீங்களா?"

"பின்ன? ஒரு பொம்பள கழுத்த ஒருத்தன் தெனமும் தொட்டுக்கிட்டு இருந்தா யாருக்குச் சந்தேகம் வராது? நானே உங்களுக்கு எழுதணும்னுதான் இருந்தேன். நிச்சயமாத் தெரியாம ஒரு விஷயத்த எப்படிச் சொல்லுதது? அதான் திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"என்ன விஷயம்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லருந்து மியூசியம்னா கண்ணாடிதான் மேடம். ஸ்கூல்ல கூட்டிட்டுப் போவாங்க. வாத்தியார் என்ன இருக்குன்னு சொல்லுவாரு, நான் கண்ணாடியத் தடவிட்டு வருவேன். கண்ணாடிக்குப் பின்னால இருந்தது எல்லாம் எனக்கு இல்லாத பொருள். ஒங்க கையுறை வந்தப்புறந்தான் முதன்முதலா மியூசியத்துக்குள்ள போனேன். கூடை, கம்பளி, அரிசி அளக்குற படி, எல்லாம் பாத்தேன். அப்புறம் அந்த முகம். நான் மனுச உடம்பத் தொட்டுப் பொழைக்கிறவன். சுண்ணாம்புன்னாலும் முகம் முகந்தான். அதுல ஒரு எடத்துல என்னமோ சரியில்ல."

"எந்த இடத்துல?"

"சொன்னா புரியாது. ஒங்க தாடையில வச்சுக் காட்டட்டுமா? தொடலாமா?"

ஜுலைகா ஒரு கணம் தயங்கி, "தொடுங்க" என்றாள்.

அவர் கை அவளுடைய இடப்பக்கத் தாடைக்கு வந்தது. தாடை எலும்புக்குக் கீழே நான்கு விரல்கள் வரிசையாகப் பதிந்தன. கட்டைவிரல் காதுக்கு முன்னால் நின்றது.

"இந்த அஞ்சு எடத்துலயும் சதை உள்ள போயிருக்கு. ரொம்ப லேசுதான். காகிதக் கனம் இருக்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பக்கம் கழுத்து நரம்பு வெடைச்சுக்கிட்டு நிக்குது. மூக்குல ரெண்டு வட்டம் இருக்கு பாருங்க, மூச்சு விட வைக்கோல் சொருகியிருக்காங்க." கையை எடுத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளைய யாரோ அமுக்கிப் பிடிச்சிருக்காங்க மேடம். சுண்ணாம்பு காயிற வரைக்கும்."

ஜுலைகாவுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே எண்ணம். பேச்சியின் முகத்தைத் தொடுகூடத்தில் ஏற்றலாமா என்ற கேள்வி மூன்று வருடங்களுக்கு முன் வந்தபோது பதில் எழுதியவள் அவள்தான். மனித உடலின் பகுதி எதையும், எலும்போ முடியோ, காட்சிக்கு வைக்க உறவினரின் ஒப்புதல் வேண்டும் என்று விதி இருந்தது. அவள் கோப்பில் ஒரே வரி எழுதினாள்: 'இது சுண்ணம்; உடல் அல்ல.' அந்த வரியோடு பேச்சி உலகத்துக்கெல்லாம் திறந்துவிடப்பட்டாள்.

*

ஆய்வுக்கூடத்தில் முகத்தை மறுபடி நுணுக்கமாக அளந்தார்கள். வேதமாணிக்கம் சொன்ன ஐந்து இடத்திலும் ஐந்து பள்ளங்கள் இருந்தன.

இயக்குநர் பூவராகன் அறிக்கையை இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர். பூட்டிக் கிடந்த கிடங்குகளைத் திறக்க வைக்க இருபது வருடம் அலைந்தவர். ஜுலைகாவுக்குத் தொடுகூடம் அமைக்க இடம் கொடுத்ததும் அவர்தான்.

"பழைய அட்டவணையில என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'முழுச் சம்மதத்துடன் எடுக்கப்பட்டது.' இந்தப் பொய் நூறு வருஷத்துக்கு மேல நம்ம சுவத்துலயே தொங்கியிருக்கு. இத மறைக்கக் கூடாது ஜுலைகா. எல்லாரும் தொட்டுப் பார்க்கணும்."

"சார், மறைக்கச் சொல்லல. ஆனா அவங்க குடும்பம் யாருன்னே நமக்குத் தெரியாது..."

"தெரிஞ்சா அவங்களும் இதைத்தான் சொல்லுவாங்க."

அடுத்த வாரம் பேச்சியின் முகத்துக்குப் புதுப் பெயர் வந்தது. 'இறுக்கப்பட்ட முகம்.' விரல் பதிந்த இடங்களில் கையுறை லேசாக அதிரும்படி அமைத்தார்கள், கண்டுபிடிக்க எளிதாக இருக்கட்டும் என்று. ஒரு மாதத்தில் பதினோரு லட்சம் பேர் தொட்டார்கள். பள்ளிகளிலிருந்து கடிதங்கள் வந்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அழைத்தன. பலர் தொட்டுவிட்டு அழுததாக எழுதினார்கள்.

திங்கட்கிழமைப் பட்டியலும் நீண்டது. உதட்டில் விரல் வைப்பவர்கள். மூடிய இமைகளை அழுத்திப் பார்ப்பவர்கள். தாடையில் தங்கள் விரல்களைப் பொருத்தி, அன்று பிடித்தவனைப் போலவே பிடித்துப் பார்ப்பவர்கள். ஒருவன் நூற்றுப் பதினேழு முறை கன்னத்தில் அறைந்திருந்தான். ஜுலைகா ஒவ்வொருவராக வெளியேற்றினாள். அடுத்த திங்கட்கிழமை அதைவிட நீண்ட பட்டியல் வந்தது.

ஒருநாள் வேதமாணிக்கம் கூப்பிட்டார்.

"மேடம், அத மூடிருங்க."

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்லுதேன். இங்க கிளினிக்குக்கு வந்த ஒரு காலேஜ் பையன், நான் கண்டுபிடிச்சேன்னு தெரிஞ்சு எங்கிட்ட பெருமையாச் சொல்லுதான், 'அங்கிள், நானும் அந்தப் பொண்ணு கழுத்தப் பிடிச்சுப் பாத்தேன், செம ஃபீலிங்'னு. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. ஒருத்தன் அமுக்கினான்னு நான் சொல்லப்போயி, இப்ப பதினோரு லட்சம் பேரு அமுக்குதான்."

"மூடினா உங்களுக்கும்தான் இல்லாமப் போகும்."

"போகட்டும்."

ஜுலைகா அன்றே பூவராகனின் அறைக்குப் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நூறு பேர்ல அஞ்சு பேர் கேவலமா நடந்துக்கறாங்க. மிச்ச தொண்ணூத்தஞ்சு பேருக்கு இது வாழ்க்கையில மறக்க முடியாத விஷயம். அஞ்சு பேருக்காகத் தொண்ணூத்தஞ்சு பேருக்குக் கதவைச் சாத்தணுமா? அப்படிச் சாத்தித்தான் இந்தக் கிடங்கெல்லாம் இருட்டிலயே கிடந்துச்சு."

"அறை வாங்கறது நீங்களோ நானோ இல்லையே சார்."

அவர் கோபப்படவில்லை. "யோசிக்கிறேன்" என்றார். யோசித்தபடியே இரண்டு வாரம் போயிற்று.

மூன்றாவது வாரம் இலங்கையின் ஹட்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெயர் புஷ்பராணி. ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவ மாது. பிரசவம் பார்ப்பது வேலை. செய்தியில் முகத்தையும் பெயரையும் பார்த்ததாகவும், அந்தப் பேச்சி தன் கொள்ளுப்பாட்டியைப் பெற்றவள் என்று நம்புவதாகவும் எழுதியிருந்தார். கூடவே தோட்டத்தின் பழைய பேர்ப்பதிவுப் பக்கம் ஒன்றின் படம். அதில் பேச்சி என்ற பெயருக்கு நேராக, கழுத்தில் கட்டிய தகரத் துண்டின் எண் இருந்தது. முகாமின் பதிவேட்டிலும் அதே எண்.

கடிதத்தின் கடைசி வரி: 'நாங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். கூடிப் பேசி முடிவு செய்துவிட்டோம். நேரில் வந்து சொல்கிறேன்.'

*

புஷ்பராணி வந்த அன்று ஜுலைகா கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டாள். முகத்தை ஒரு மேசையில், மெத்தென்ற துணி விரித்து வைத்திருந்தார்கள். வேதமாணிக்கமும் வந்திருந்தார், புஷ்பராணிதான் அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பூவராகன் சுவரோரமாக நின்றார். அவர் கையில் ஒரு கோப்பு இருந்தது.

புஷ்பராணிக்கு ஐம்பது வயதிருக்கும். உயரம் குறைவு. கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, மேசைக்கு இரண்டடி தள்ளியே நின்று முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க சின்ன மகளோட நெத்தி" என்றார்.

பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"சார், மேடம், முதல்லயே சொல்லிர்றேன். எங்க ஆளுங்க எல்லாரும் சேந்து சொன்னது, இத மூடிப் போடணும்னுதான். எங்க மாமா ஒராள் சொன்னாரு, கண்டவன் கை பட ஏலாது, அவ என்ன தெருவுல கெடக்குற பொருளான்னு. அத சொல்லத்தான் வந்தேன்." பூவராகனின் முகத்தைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க" என்றார்.

"கோவம் இல்லம்மா" என்றார் பூவராகன். "உங்க உரிமை அது. காகிதம் தயாரா இருக்கு."

"கையெழுத்து வைக்கிறதுக்கு முந்தி ஒருக்கா தொட்டுப் பாக்கலாமா?"

"கையுறை எடுத்து வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு ஜுலைகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வேண்டாம். நேராவே தொடுங்க."

புஷ்பராணி சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். முதலில் நெற்றி. பிறகு புருவம். மூக்கின் துவாரத்தில் இருந்த வட்டங்களில் விரல் நின்று நகர்ந்தது. தாடைக்கு வந்ததும் நிறுத்தினார்.

"அய்யா" என்றார் வேதமாணிக்கத்தைப் பார்த்து. "நீங்கதானே முதல்ல கண்டுபிடிச்சது. எனக்குக் காட்டுங்க. எந்த எடம்?"

வேதமாணிக்கம் மேசையைத் தடவிக்கொண்டு வந்தார். "உண்மையான முகமா? அசல் பொருளா?" என்று மெல்லக் கேட்டார்.

"அசல்தான். தொடுங்க."

அவர் விரல்கள் ஒரு கணம் காற்றில் தயங்கின. பிறகு, பல மாதம் பழகிய இடத்துக்கு நேராகப் போய் நின்றன. புஷ்பராணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்தார். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். கடைசியில் காதுக்கு முன்னால் கட்டைவிரல்.

புஷ்பராணியின் கை அந்த முகத்தில் அச்சாகப் பொருந்தி நின்றது. அவர் புருவம் சுருங்கியது. கையை எடுத்தார். மறுபடி வைத்தார். கட்டைவிரலை மட்டும் கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்தினார்.

"அய்யா, இது அமுக்குற கையா?"

"ஆமாம்மா. ஏன்?"

"அமுக்குறவங்க நாடிய, மோவாயத்தானே பிடிப்பாங்க. இந்தப் பக்கம் பெருவெரலு, அந்தப் பக்கம் மத்த வெரலு. அப்பதானே தலை அசையாம நிக்கும். மாத்திர குடிக்காத புள்ளைய அப்பிடித்தான் பிடிப்போம். இது அப்பிடி இல்லீங்களே. கன்னத்த ஏந்தினாப்பல இருக்கு." கையை எடுக்காமலேயே பேசினார். "அதோட இந்தப் பெருவெரலு ஒரு எடத்துல நிக்கல. இங்கிருந்து இது வரைக்கும் ஒரு வழுவழுப்பு ஓடுது, தொட்டுப் பாருங்க."

வேதமாணிக்கம் தொட்டார். அவருடைய விரல் காதின் முன்னாலிருந்து கன்னத்து மேடு வரை போய்த் திரும்பியது. அவர் முகம் மாறியது.

"இருக்கு" என்றார். "இத்தன நாள் தொட்டிருக்கேன். பள்ளம் எத்தனன்னுதான் எண்ணினேன். இதப் பாக்கவே இல்ல."

"நான் இருபத்தாறு வருஷமாப் பிரசவம் பாக்குறேன்" என்றார் புஷ்பராணி. "வலி வந்து துடிக்கிற நேரத்துல சில புள்ளைங்க கண்ண இறுக்க மூடிக்கிட்டு மூச்ச அடக்கிருங்க. அப்ப நான் இப்பிடித்தான் பிடிப்பேன். பெருவெரலால தடவிக்கிட்டே, இந்தா முடிஞ்சிரும், இந்தா முடிஞ்சிரும்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்." அவர் கட்டைவிரல் அந்தக் கன்னத்தில் ஒருமுறை போய் வந்தது. "இது அந்தக் கை. யாரோ ஒரு பொம்பள கூட நின்னுருக்கா."

பூவராகன் சுவரை விட்டு நகர்ந்து மேசைக்கு வந்தார். "அப்படின்னா நாங்க உலகத்துக்கெல்லாம் சொன்னது..."

"தப்புன்னு சொல்ல ஏலாது சார்" என்றார் புஷ்பராணி. "வாயையும் கண்ணையும் மூடிச் சுண்ணாம்ப அப்பினது அப்பினதுதான். கழுத்து நரம்பு இப்பிடி நிக்குதே, ரொம்பவும் பயந்துதான் போயிருக்கா. அத யாராலயும் மாத்த ஏலாது. ஆனா அவ தனியா இருக்கல."

*

ஜுலைகா கிடங்குக்கு ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். முகத்தின் பிரதி மட்டும்தான் இதுவரை ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது. பேச்சியின் முகத்தில் நேரடியாக அப்பிக் காய்ந்த முதல் அச்சு, உடைந்த துண்டுகளாக, பன்னிரண்டாம் அலமாரியில் ஒரு மரப்பெட்டியில் கிடந்தது. அசிங்கமான வெளிப்புறத்தை யார் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று அதை விட்டுவைத்திருந்தார்கள்.

துண்டுகளை ஒட்டி, அன்று பிற்பகலே வெளிப்புறத்தை அளந்தார்கள். நால்வரும் ஆய்வுக்கூடத்தின் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்கத் தாடை இருந்த துண்டு திரையில் பெரிதாக வந்தது. நான்கு விரல்களின் ஆழமான பதிவு. அவற்றுக்கு எதிரே ஒரு வாய்க்கால்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார் வேதமாணிக்கம்.

ஜுலைகா திரையைப் பார்த்துச் சொன்னாள். "கட்டைவிரல் ஒரே பாதையில போய்ப் போய் வந்திருக்கு சார். முதல் தடவல் நல்ல ஆழம், அப்ப சுண்ணம் ஈரமா இருந்திருக்கு. அதுக்கு மேலயே அடுத்தது, கொஞ்சம் ஆழம் கம்மி. போகப் போகச் சுண்ணம் இறுகுது. கடைசியில வெறும் கீறல்தான். முப்பது, முப்பத்தஞ்சு தடவை இருக்கும்."

"காயிற வரைக்கும் விடலன்னு சொல்லுங்க."

"விடல. முடிவுல ஒரே இடத்துல நின்னுருக்கு." அவள் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். கட்டைவிரல் நின்ற இடத்தில், மெல்லிய கோடுகள் சுழித்துச் சுழித்துத் தெரிந்தன. "ரேகை விழுந்திருக்கு."

பூவராகன்தான் முதலில் எழுந்தார். "முகாம்ல எல்லாருக்கும் கைநாட்டு எடுத்தாங்களே. பதிவேடு நம்மகிட்டதானே இருக்கு ஜுலைகா?"

அறுபதாயிரம் கைநாட்டுகள் எப்போதோ ஸ்கேன் செய்யப்பட்டு இருந்தன. யாரும் கேட்காததால் யாரும் திறந்ததில்லை. கணினிக்கு ஒன்பது வினாடி பிடித்தது.

சவரியம்மாள். வயது பத்தொன்பது. ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் மை கரைந்திருந்தது. பேச்சியோடு உறவு எதுவும் குறிப்பிடப்படவில்லை. அவள் வந்தது ஆள் சேர்க்கும் வேறு கங்காணியோடு. இருவரும் முகாமுக்கு வந்தது ஒரே நாளில். ஆறு நாள் நோய்த் தடுப்புக் காவலில் ஒரே கொட்டகையில் இருந்திருக்கிறார்கள். பேச்சியின் பெயருக்கு நேராக 'கப்பலேறினாள்' என்று இருந்தது. சவரியம்மாளின் பெயருக்கு நேராக, 'கண்நோய். நிராகரிக்கப்பட்டாள்.'

அதற்குப் பிறகு அவளைப் பற்றி எங்கும் ஒரு எழுத்துகூட இல்லை. ஜுலைகா இரண்டு நாள் தேடினாள். ஊர்க் கணக்குகள், தேவாலய ஞானஸ்நானப் பதிவுகள், மருத்துவமனை இறப்புப் பட்டியல்கள் எல்லாம் பார்த்தாள். அந்தக் கைநாட்டோடு சவரியம்மாள் முடிந்துபோயிருந்தாள்.

புஷ்பராணி ஊர் திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டு, தினமும் அருங்காட்சியகத்துக்கு வந்து கேண்டீனில் உட்கார்ந்திருந்தார். ஹட்டனோடு பேசிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலை ஜுலைகாவின் அறைக்கு வந்தார். வேதமாணிக்கம் கோவில்பட்டியிலிருந்து தொலைபேசியில் இருந்தார். பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டிய திருத்தத்தை அவரும் ஜுலைகாவும் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"'முதலில் தவறாகக் கருதப்பட்டது'ன்னு போடாதீங்க மேடம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "யாரு கருதினான்னு போடுங்க. வேதமாணிக்கம் தப்பாச் சொன்னான், புஷ்பராணி திருத்துனாங்கன்னு போடுங்க."

"அய்யா, நான் வந்திருக்கேன்" என்றார் புஷ்பராணி. "நீங்களும் கேளுங்க. எங்க ஆளுங்க முடிவு சொல்லிட்டாங்க. பேச்சி மொகத்த மூடிருங்க. அவ போதும்ங்கிற வரைக்கும் கண்டவங்க கைய வாங்கிட்டா. கண்ணாடிப் பெட்டியிலயும் வேணாம். உள்ள பத்திரமா வைங்க. எங்க ஆளுங்க யாரும் வந்தா காட்டுங்க. இந்த அய்யா வந்தாலும் காட்டுங்க."

"வருவேம்மா" என்றார் மறுமுனையில் வேதமாணிக்கம்.

"சரிம்மா" என்றாள் ஜுலைகா. "இன்னைக்கே மூடிடறேன்."

"இன்னும் முடியல. அந்தக் கை இருக்கே, அத எல்லாரும் தொடுற மாதிரி செய்ய ஏலுமா?"

ஜுலைகா யோசித்தாள். "அச்சுல விழுந்த பள்ளத்த வச்சு, அந்த விரல்கள எப்படி இருந்திருக்கும்னு உருவாக்கலாம். அஞ்சு விரல் நுனி மட்டும்தான் கிடைக்கும். கையுறை மாட்டிக்கிட்டா, பிடிக்கிற மாதிரியே இருக்கும். தடவறதும் தெரியும்."

"அது போதும். அவங்கள நாம தொட வேணாம், அவங்க நம்மளத் தொடட்டும்."

ஆனால் விதி இந்த முறை ஜுலைகாவின் முன்னால் நின்றது. ரேகை என்பது ஒருவருடைய உடலின் அடையாளம். முன்பு போல 'இது சுண்ணம்; உடல் அல்ல' என்று எழுத அவளுக்குக் கை வராது. சவரியம்மாளின் சொந்தக்காரர் யாராவது சம்மதிக்க வேண்டும். அப்படி யாரும் இல்லை. இதைச் சொன்னபோது புஷ்பராணி, "படிவத்தக் குடுங்க" என்றார்.

"அம்மா, இரத்த உறவோ திருமண உறவோ இருக்கணும். கேப்பாங்க."

"குடுங்க மேடம், எழுதிப் பாக்குறேன்."

ஜுலைகா படிவத்தைக் கொடுத்தாள். புஷ்பராணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக நிரப்பினார். ஒப்புதல் தருபவர் பெயர், ஊர், தொழில். யாருக்காக என்ற இடத்தில் சவரியம்மாள் என்று எழுதினார். உறவுமுறை என்ற கட்டத்தில் நான்கு தேர்வுகள் இருந்தன: தாய்வழி, தந்தைவழி, திருமணவழி, பிற. 'பிற' என்பதைக் குறித்துவிட்டு, அதன் பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில் இடிபடாமல் எழுத்துகளை நெருக்கி நெருக்கி எழுதினார். எழுதி முடித்துக் காகிதத்தை ஜுலைகாவின் பக்கம் திருப்பினார்.

'இவங்க விடாம பிடிச்சுக்கிட்ட பொண்ணோட பிள்ளைங்க.'

ஜுலைகா அதைப் படித்தாள். தொலைபேசிக்கு அப்பால் காத்திருந்த வேதமாணிக்கத்துக்காக உரக்க ஒருமுறை படித்தாள். பிறகு கீழே அலுவலரின் பரிந்துரை என்ற இடத்தில், 'நெருங்கிய உறவு. ஏற்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.